காணாமல் போனவர்களை எண்ணுதல்: செம்பில் கலந்த அணுவை என்.எம்.ஆர். கொண்டு தேட ஒரு வழிகாட்டி

கோவை கணபதியில் ஒரு லேத்துப் பட்டறை. அதன் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, செம்புத் தண்டு ஒன்றை வைஸில் கவ்வ வைத்து, மூன்று நாளாக அரத்தால் ராவிக்கொண்டிருந்தேன். கீழே விரித்த வெள்ளைத் தாளில் செம்பருத்தி நிறத்தில் பொடி. பட்டறைக்காரர் முதல் நாள் பொறுத்துப் பார்த்தார். இரண்டாம் நாள் டீ வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் கேட்டேவிட்டார்.

"ஏனுங் தம்பி, காயில் கட்டற காப்பரை இப்படிப் பொடிப் பொடியா ராவி என்னதான் பண்ணப் போறீங்க?"

"இதுக்குள்ள நூறு அணுவுல ஒண்ணு நாகமுங்கண்ணா. அதைச் சுத்தி என்ன நடக்குதுன்னு பாக்கணும்."

"எவ்வளவு நாகம் இருக்குதுன்னு லேப்புல குடுத்தா சொல்லிப்போடுவானே?"

"எவ்வளவுன்னு சொல்லுவாங்க. எப்படி உக்காந்திருக்குன்னு சொல்ல மாட்டாங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு லேத்துக்குப் போய்விட்டார். ஆனால் அந்த "எப்படி"யில்தான் விஷயமே இருக்கிறது. பம்பும் மோட்டாரும் செய்யும் ஊரில் செம்பின் மின்கடத்தும் திறன் வயிற்றுப்பாட்டுச் சங்கதி. செம்பில் வெள்ளி கலந்தால் பெரிய கெடுதல் இல்லை. துத்தநாகம், அதாவது நாகம், கொஞ்சம் கெடுக்கும். இரும்பும் பாஸ்பரஸும் இம்மியளவு கரைந்தாலே மின்தடை எகிறிவிடும். அதிலும் அந்த இரும்பு செம்பு அணுக்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகக் கரைந்து கிடந்தால் ஒரு கதை. தனியே திரண்டு துகள்களாக ஒதுங்கியிருந்தால் வேறு கதை, கெடுதல் வெகுவாகக் குறைந்துவிடும். வேதியியல் சோதனையில் இரண்டுக்கும் ஒரே சதவீதம்தான் வரும்.

அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, சுருக்கமாக என்.எம்.ஆர்., அந்த வித்தியாசத்தைக் காட்டும் கருவிகளில் ஒன்று. புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்காக, நான் இடறி விழுந்த இடங்களில் கொடி நட்டு இதை எழுதுகிறேன்.

முதலில், எதைக் கேட்கப் போகிறோம்

ஆடி நோம்பிக்குப் புளியமரத்தில் தூரி கட்டி ஆடியவர்களுக்கு ஒத்ததிர்வு புதிதல்ல. தூரி போய்வரும் தாளத்திலேயே தள்ளினால் ஒரு விரல் போதும், மேலே மேலே போகும். தாளம் தப்பினால் ஆளே தொங்கினாலும் எழும்பாது. காந்தப்புலத்தில் வைத்த செம்பு அணுக்கருவுக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு. 1 டெஸ்லா புலத்தில் நொடிக்குச் சுமார் 1 கோடியே 13 லட்சம் சுற்று, அதாவது 11.3 மெகாஹெர்ட்ஸ். அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையால் தட்டினால் கருக்கள் எல்லாம் சேர்ந்து ஆடும். தட்டலை நிறுத்தியதும் அவை திருப்பி அனுப்பும் மெல்லிய ரேடியோ சிக்னலை, மாதிரியைச் சுற்றிய கம்பிச் சுருள் பிடிக்கும். திட, திரவப் பொருள்களில் இதை 1945-46இல் பர்செல் குழு ஒரு பக்கமும் ஃபெலிக்ஸ் பிளாக் குழு இன்னொரு பக்கமும் கண்டுபிடித்தார்கள். இருவருக்கும் 1952இல் நோபல் பரிசு.

இதில் நமக்கு உதவும் சங்கதி, செம்புக் கரு முழு உருண்டை இல்லை என்பது. அதனால் தன்னைச் சுற்றி மின்புலம் ஒரு பக்கம் சரிந்திருந்தால் அதற்குத் தெரிந்துவிடும். இதற்கு நான்முனை விளைவு என்று பெயர். தூய செம்பில் ஒவ்வொரு அணுவுக்கும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அண்டை வீட்டார். சரிவு பூச்சியம், எல்லாக் கருவும் ஒரே தாளம். அந்த ஊருக்குள் ஒரு நாக அணு ஒரம்பரையாக வந்து உட்கார்ந்தால் சமன் கெடும். நாகத்திடம் செம்பைவிட ஓர் எலக்ட்ரான் அதிகம். அதை மறைக்கச் சுற்றியுள்ள கடத்தும் எலக்ட்ரான்கள் நகரும். அந்த நகர்வு அணுவோடு நிற்காது. தோட்டத்துக் கிணற்றில் கல்லைப் போட்டது போல அலை அலையாகத் தணிந்துகொண்டே தூரம் போகும். பக்கத்து வீட்டுக் கருக்களின் தாளம் தப்பும்.

நாகத்தின் குரலையே நேராகக் கேட்டால் என்ன? கேட்கலாம்தான். ஆனால் நாகத்தில் இதற்கு ஆகும் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தில் எடை மட்டும் மாறும் அணு வகை) துத்தநாகம்-67 ஒன்றுதான், அதுவும் நூற்றுக்கு நான்கு. நூறு அணுவில் ஒன்று நாகம், அதிலும் நூற்றில் நான்கு என்றால் பத்தாயிரத்துக்கு நான்கு பேர் முணுமுணுப்பது. கேட்காது. எனவே நாம் செய்வது வேறு: செம்புக் கருக்களின் கோரஸைக் கேட்கிறோம். நாகத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் தாளம் தப்பி அந்தக் கோரஸிலிருந்து விலகிவிடுவார்கள். எத்தனை பேர் விலகினார்கள் என்று எண்ணுகிறோம். 1953இல் புளூம்பர்கனும் ரோலண்டும் இந்த வழியைத் திறந்தார்கள்.

ஆக, இந்த வேலையில் வராத சிக்னல்தான் செய்தி. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சிக்னல் வராமல் போக ஆயிரம் காரணம் உண்டு, நாகம் அதில் ஒன்று மட்டும். மற்ற 999 காரணங்களையும் ஒவ்வொன்றாகக் கதவடைத்து வெளியே நிறுத்துவதுதான் கீழே வரும் படிகள் அத்தனையும்.

எதில் தொடங்குவது

செம்பில் நாகம். வேறு யோசனையே வேண்டாம். இரும்பு, நிக்கல் போன்றவை தாமே காந்தமாகும் உலோகங்கள், ஆரம்பக்காரருக்கு ஆகாது. நாகம், மக்னீசியம் போன்ற அறுகோணப் படிகங்களில் மாசு, அதாவது கலந்த வேற்று அணு, இல்லாமலே மின்புலச் சரிவு இருக்கும். யார் செய்த கலாட்டா என்று பிரிக்க முடியாது. அலுமினியம் நல்ல பொருள்தான், அலுமினியம்-27 நூற்றுக்கு நூறு கிடைக்கிறது. ஆனால் அதில் சேர்த்த மாசுகள் பல அறை வெப்பத்திலேயே மெல்லத் திரள ஆரம்பித்துவிடும். செம்பில் நாகம் முப்பது சதவீதம் தாண்டியும் சமர்த்தாகக் கரைந்தே இருக்கும். பித்தளை என்பதே அதுதானே.

செம்புக்கு இன்னொரு வசதி: செம்பு-63 (69 சதவீதம்), செம்பு-65 (31 சதவீதம்) என்று இரண்டு சாட்சிகள். இதன் பயன் பின்னால் வரும்.

நான்கு மாதிரி செய்யுங்கள்: தூய செம்பு, அப்புறம் அணு எண்ணிக்கையில் 0.5, 1, 2 சதவீதம் நாகம். ஒரே ஒரு கலவையை வைத்துக்கொண்டு முடிவு சொல்லாதீர்கள்.

உருக்குதல்

செம்பு உருகுவது 1085 டிகிரியில். நாகம் கொதிப்பது 907 டிகிரியில். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே பிரச்சினை விளங்கும். திறந்த மூசையில் போட்டால் நாகம் வெள்ளைப் புகையாகக் கூரைக்குப் போய்விடும், பித்தளை வார்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும், அதையும் சொல்வார்கள். எனவே காற்றை உறிஞ்சி மூடிய குவார்ட்ஸ் குழாய்க்குள் உருக்குங்கள், உருகியபின் குழாயை ஆட்டிக் கலக்குங்கள், பிறகு 900 டிகிரியில் ஓரிரு நாள் வைத்துச் சீராக்குங்கள்.

எவ்வளவு நாகம் போட்டீர்கள் என்பதைக் கணக்கில் எழுதாதீர்கள். உருக்கியபின் எவ்வளவு நின்றது என்று அளந்து அதை எழுதுங்கள்.

ராவுதல்

ஏன் பொடியாக்க வேண்டும்? ரேடியோ அலை உலோகத்துக்குள் நுழையாது, தோலோடு நின்றுவிடும். வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸில் செம்புக்குள் இந்தத் தோல் ஆழம் 9 மில்லிமீட்டருக்கு மேல், அதனால் மோட்டார் காயில் கட்டுகிறவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. 11 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 20 மைக்ரான். 106 மெகாஹெர்ட்ஸில் வெறும் 6 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தண்டை அப்படியே உள்ளே வைத்தால் அதன் மேல்தோல் மட்டும் பேசும், மற்றதெல்லாம் மௌனம்.

ராவுவது பொறுமை வேலை. கலவையில் கை வைக்கும் முன் பழக்கத்துக்குச் சாதாரணச் செம்பில் ராவிப் பாருங்கள். பட்டறைக்காரரே எனக்கு ஒரு துண்டுத் தண்டு இரவல் கொடுத்தார். நைஸ் அரமாக இருக்கட்டும். புது அரம்தான் வேண்டும். எதை எதையோ ராவிய பழைய அரத்தின் பல்லிடுக்கில் ஊரில் உள்ள உலோகம் எல்லாம் இருக்கும். அழுத்தாமல், ஒரே பக்கமாக, பதனமாக இழுங்கள். லேத்தில் கடைந்த சுருள் உதவாது, தடிமன் அதிகம். ராவிய தூளை 400 கண் சல்லடையில் சலித்தால் 38 மைக்ரானுக்குக் கீழ் உள்ளது இறங்கும். மூன்று நாள் ராவி எனக்கு இறங்கியது ஒரு தேக்கரண்டிக்குச் சற்று அதிகம்.

இப்போது அந்தப் பொடியை ஒரு கண்ணாடித் தட்டில் பரப்பி, தட்டுக்கு அடியில் வலுவான காந்தம் ஒன்றை மெல்ல நகர்த்துங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு சிவப்புக்கு நடுவே மயிர்க்கால் போல நாலைந்து கறுப்புத் துணுக்கு எழுந்து நின்று, காந்தம் போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பும். அதுதான் உங்கள் அரம். செம்பை நீங்கள் ராவியபோது செம்பும் அரத்தை ராவியிருக்கிறது. ஒவ்வொரு துணுக்கும் ஒரு குட்டிக் காந்தம். தன்னைச் சுற்றியுள்ள செம்பின் தாளத்தையெல்லாம் கலைக்கும், பழி நாகத்தின் மேல் விழும். காந்தத்தால் பொறுக்குங்கள். மிச்சத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவுங்கள், இரும்பு கரையும், செம்பு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். தண்ணீர், பிறகு ஆல்கஹால், உலர்த்தல். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அமிலப் பக்கம் போகாதீர்கள்.

வாட்டுதல்

ராவும்போது செம்பின் படிகம் கசங்கிவிடும். கசங்கிய படிகத்தில் மாசே இல்லாமல் மின்புலம் சரியும். எவ்வளவு? செம்புக் கருவின் சிக்னல் மூன்று கோடுகளின் (அதிர்வெண் வரைபடத்தில் எழும் முகடுகளின்) கூட்டு: நடுக்கோடு 40 சதவீதம், இரு பக்கத் துணைக்கோடுகள் 30, 30. தூய, கசங்காத செம்பில் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழும். லேசாகக் கசங்கினாலே துணைக்கோடுகள் இரண்டும் அகலச் சிதறி மறைந்து, நடுக்கோடு மட்டும் நிற்கும். நன்றாகக் கசங்கிய பொடியில் சிக்னல் 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் விழுந்துவிடும்.

இந்தக் கசங்கலை நீக்கத்தான் சூட்டில் வாட்டுவது: ஆர்கான் நிரப்பி மூடிய சிறு குழாயில் 500 டிகிரி, ஒரு மணி நேரம். திறந்த வெற்றிடத்தில் வாட்டினால் மேல்தோலில் உள்ள நாகம் பறந்துவிடும். நாம் கேட்பதே மேல்தோலைத்தான் என்பதை நினைவில் வையுங்கள். வாட்டிய பொடி லேசாகக் கட்டி தட்டும், மறுபடி சலியுங்கள்.

தூய செம்புப் பொடியை வாட்டும் முன்னும் பின்னும் அளந்து பார்ப்பது நல்ல பரீட்சை. கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் கோளாறு எங்கோ இருக்கிறது, நாகக் கலவையைத் தொடாதீர்கள்.

கடைசியாக, பொடித் துகள்கள் ஒன்றையொன்று தொட்டால் மின்சாரம் பாய்ந்து மறுபடி ஒரே கட்டியாக நடந்துகொள்ளும். உருகிய பாரஃபின் மெழுகில் பிசைந்து குழாயில் அடையுங்கள். எல்லாக் குழாயிலும் ஒரே உயரம். எத்தனை கிராம் உலோகம் போனது என்று மில்லிகிராம் வரை எழுதி வையுங்கள்.

கருவியும் வெள்ளிக் கம்பியும்

கல்லூரிகளில் இருக்கும் என்.எம்.ஆர். கருவி பெரும்பாலும் திரவக் கரைசலுக்கானது, உலோகப் பொடிக்கு உதவாது. திண்மப் பொருளுக்கான புரோப் (மாதிரியையும் சுருளையும் தாங்கும் பகுதி) உள்ள மையத்தில் நேரம் கேட்க வேண்டும். நம் பக்கத்திலிருந்து ரயிலேறிப் போகும் தூரத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் என்.எம்.ஆர். ஆய்வு மையம் இருக்கிறது. கடிதத்தில் "செம்பு-63, அசையாத பொடி மாதிரி" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், பாதிக் குழப்பம் தீரும். காந்த அறைக்குள் அரத்தையும் ஸ்பேனரையும் கொண்டுபோகாதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் நுழையவே கூடாது.

இங்கே ஒரு வேடிக்கையான பொறி. சிக்னல் பிடிக்கும் சுருளே செம்புக் கம்பி. அதுவும் தூய செம்புலோகம், உங்கள் மாதிரி பேசும் அதே அதிர்வெண்ணில்தான் அதுவும் பேசும். மாதிரியே வைக்காமல் ஓட்டினால்கூட அழகான செம்புச் சிக்னல் வரும். பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். வெறும் சுருளை ஒரு முறை ஓட்டிக் கழிக்கலாம். அதைவிட நல்லது, மையத்தார் சம்மதித்தால் வெள்ளிக் கம்பியில் சுருள் சுற்றிக்கொள்வது. வெள்ளிக் கருக்களின் தாளம் வெகு தொலைவில் இருக்கிறது, தொந்தரவு இல்லை. நம்மூர்க்காரர்களுக்கு வெள்ளிக் கம்பி என்றதும் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகள் ஞாபகம் வரும். வாங்கலாம், ஆனால் 92.5 வெள்ளி என்று கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மீதி 7.5 பெரும்பாலும் செம்பு! சுத்தம் 99.9 கேளுங்கள்.

எங்கே தேடுவது

9.4 டெஸ்லா காந்தத்தை, ஹைட்ரஜன் கணக்கில், 400 மெகாஹெர்ட்ஸ் கருவி என்பார்கள். அதில் செம்பு-63இன் உப்புகள் 106.1 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசும். அட்டவணையில் இருப்பதும் அதுதான். நான் அந்த எண்ணை அடித்துவிட்டு அரை நாள் வெறும் இரைச்சலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இணைப்பைக் கழற்றி மாட்டினேன், மெழுகைச் சந்தேகித்தேன், கூட இருந்தவரைச் சந்தேகித்தேன். விஷயம் என்னவென்றால் உலோகச் செம்பு உப்பைவிட 0.23 சதவீதம் மேலே பேசும். கடத்தும் எலக்ட்ரான்கள் கருவின் இடத்தில் கூடுதலாகக் கொஞ்சம் காந்தப்புலம் கொடுப்பதால் வரும் இதற்கு நைட் நகர்வு என்று பெயர். வால்டர் நைட் 1949இல் கவனித்தது. 0.23 சதவீதம் என்றால் இங்கே சுமார் 240 கிலோஹெர்ட்ஸ். கோட்டின் அகலமோ சில கிலோஹெர்ட்ஸ்தான். பக்கத்துத் தெருவில் போய்க் கதவைத் தட்டிய கதை. 106.3க்குப் போங்கள், அங்கே இருக்கிறது. செம்பு-65ஐ 113.9இல் தேடுங்கள்.

தட்டுதல், கேட்டல்

உலோகத்தில் ஒரு பெரிய சௌகரியம், கருக்கள் சீக்கிரம் அடங்கிவிடும். அறை வெப்பத்தில் செம்பு-63க்கு அந்தத் தளர்வு நேரம் 4 மில்லிநொடிதான். 25 மில்லிநொடிக்கு ஒரு முறை தட்டலாம். பத்து நிமிஷத்தில் 24,000 தட்டல் சேரும். சில உப்புகளில் இதே வேலைக்கு ஒரு ராத்திரி ஆகும்.

தட்டலை எவ்வளவு பலமாகக் கொடுப்பது என்பதில் கவனம். பாடப்புத்தகத்தில் வரும் 90 டிகிரித் தட்டல், அதாவது கருக்களின் காந்தத் திசையை 90 டிகிரி திருப்பும் தட்டல், இங்கே ஏமாற்றும். துணைக்கோடுகளை இழந்த கருக்கள், இழக்காத கருக்களைவிட இரண்டு மடங்கு வேகமாகத் திரும்பும். தூய செம்புக்கு 90 டிகிரி என்று வைத்த தட்டல் அவர்களை 180க்குத் தள்ளி ஊமையாக்கிவிடும். இல்லாத இழப்பு இருப்பதாகத் தெரியும். தீர்வு எளிது: 10, 15 டிகிரி மட்டும் திருப்பும் சிறு தட்டல். சிக்னல் குறையும், ஆனால் மூன்று கோடும் அவரவர் பங்குக்கு ஏற்பப் பேசும். தட்டிய கையோடு கருவி சுமார் 10 மைக்ரோநொடி செவிடாக இருக்கும். அதற்குப் பிறகு வரும் சிக்னலின் வளைவைப் பின்னோக்கி நீட்டி, தட்டிய கணத்தில் எவ்வளவு இருந்திருக்கும் என்று எடுங்கள். அந்த எண்தான் நமக்கு வேண்டிய எண்.

குளிர்வித்தால் சிக்னல் கூடுமே என்று தோன்றும். திரவ நைட்ரஜனின் 77 கெல்வினில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு கூட வேண்டும்தான். ஆனால் குளிர்ந்த செம்பின் மின்தடை விழும், தோல் ஆழம் இன்னும் சுருங்கும், அதுவும் தூய செம்பில் கலவையைவிட அதிகமாகச் சுருங்கும். எண்ணிக்கை வேலையை அறை வெப்பத்திலேயே முடியுங்கள்.

எண்ணுதல்

கிராமுக்கு எவ்வளவு சிக்னல் என்று ஒவ்வொரு மாதிரிக்கும் கணக்கிட்டு, தூய செம்பின் எண்ணால் வகுங்கள். ஒரு நாக அணு தன்னைச் சுற்றி n இடங்களில் உள்ள செம்பை முற்றிலும் ஊமையாக்குகிறது, அதற்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை என்று வைத்துக்கொள்வோம். நாகத்தின் பங்கு c என்றால், ஒரு செம்புக் கரு தப்பிப்பதற்கு அதைச் சுற்றிய n இடத்திலும் நாகம் இல்லாமல் இருக்க வேண்டும். அதற்கான வாய்ப்பு (1−c) என்பதை n முறை தன்னால் பெருக்கியது. இந்த n-ஐத் துடைப்பு எண் என்று சொல்லலாம்.

ஒரு கற்பனைக் கணக்கு. வாட்டாத பொடி, நடுக்கோடு மட்டும் நிற்கிறது, நாகம் 1 சதவீதம், விகிதம் 0.83. மடக்கை எடுத்து வகுத்தால் n சுமார் 18.5. செம்புப் படிகத்தில் ஓர் அணுவுக்கு முதல் வளையத்தில் 12 பேர், இரண்டாவதில் 6, மூன்றாவதில் 24, நான்காவதில் 12. கூட்டிக்கொண்டே போனால் 12, 18, 42, 54. ஆக முதல் இரண்டு வளையம் ஊமையாகியிருக்கிறது என்று படிக்கலாம்.

வாட்டிய பொடியில் இரண்டு துடைப்பு நடக்கும். துணைக்கோடுகள் லேசான சரிவுக்கே விழுந்துவிடும், எனவே அவற்றின் n பெரியது. நடுக்கோடு முரண்டு பிடிக்கும், அதன் n சிறியது. மொத்தச் சிக்னல் 0.4 பங்கு சிறிய n-ஆலும் 0.6 பங்கு பெரிய n-ஆலும் குறையும். சிறியது 18, பெரியது 80 என்று வைத்தால், 1 சதவீதத்தில் மொத்தம் 0.60க்கு வரும். நான்கு மாதிரியையும் ஒரே வரைபடத்தில் போட்டு இரண்டு எண்ணையும் பிரித்தெடுக்க வேண்டும். அதற்குத்தான் ஆரம்பத்திலேயே நான்கு கேட்டேன்.

இப்போது எல்லோரும் கோட்டை விடும் இடம். 1 சதவீத நாகம் செம்பின் மின்தடையைச் சுமார் 0.3 மைக்ரோ ஓம் செ.மீ. கூட்டும். தூய செம்புக்கு 1.7 என்றால் இது ஆறில் ஒரு பங்குக்கு மேல். மின்தடை கூடினால் தோல் ஆழம் 9 சதவீதம் கூடும். துகள்கள் தோல் ஆழத்தைவிடப் பெரிதாக இருந்தால் பேசும் செம்பும் கிராமுக்கு 9 சதவீதம் கூடும். உண்மை 0.83 என்றால் நீங்கள் பார்ப்பது 0.90. அதிலிருந்து n எடுத்தால் 18 போய் 10 வரும், முதல் வளையத்துக்கே ஆள் பற்றாது! திருத்தம் செய்யுங்கள், முடிந்தால் குறைந்த புலம் உள்ள காந்தத்திலும் ஒரு முறை அளந்து பாருங்கள், அங்கே தோல் தடிமன் அதிகம். ஆனால் நடுக்கோட்டின் சிதறல் புலம் குறையக் குறைய அகலமாகும், அதனால் அந்தச் சிறிய n கூடும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும் சங்கதி இது, இரண்டையும் தனித்தனியாகக் குறித்துவைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, கோட்டைக் கெடுத்தது நாகத்தின் மின்புலமா, அரத்திலிருந்து வந்த இரும்பின் காந்தமா என்று சந்தேகம் வந்தால்? இரண்டு சாட்சிகளையும் தனித்தனியே விசாரியுங்கள். மின்புலச் சரிவுக்குச் செம்பு-65 சுமார் 7 சதவீதம் மந்தம். காந்தத்துக்கோ அதே 65 சுமார் 7 சதவீதம் அதிகச் சூடு. செம்பு-65இன் கோடு குறுகினால் மின்புலம், அகன்றால் காந்தம். கை தேர்ந்த வேலை வேண்டும், ஆனால் பொய் சொல்லாத சோதனை.

இதிலிருந்து "எப்படி" எப்படி வரும்

நாகம் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு துடைப்பு வட்டம். இரண்டு மூன்றாகச் சேர்ந்து உட்கார்ந்தால் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும், ஊமையாகும் செம்பு குறையும், n குறையும். ஒரே கலவையை வெவ்வேறு வெப்பத்தில் வைத்து n மாறுகிறதா என்று பார்த்தால் மாசு திரள்கிறதா கரைகிறதா என்று தெரியும்.

படிகத்தில் எந்த இடம் என்று இன்னும் கூர்மையாகக் கேட்டால் பொடி போதாது, ஒற்றைப் படிகம் வேண்டும். அதைக் காந்தத்துக்குள் சிறிது சிறிதாகத் திருப்பும்போது, தாளம் தப்பிய அண்டைக் கருக்களின் மெல்லிய கோடுகள் எந்தத் திசையில் சேர்கின்றன, எதில் பிரிகின்றன என்பதிலிருந்து அவை எந்த வளையத்தவை என்று சொல்லலாம். மாசு செம்பின் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் 12 பேர். நாற்காலிகளுக்கு நடுவே இடுக்கில் உட்கார்ந்திருந்தால் 6 அல்லது 4. செம்பில் இரும்பு போன்ற காந்த மாசுகளைச் சுற்றிய வளையங்களை 1970களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சிலிக்டர் குழு தனித்தனியே பிரித்துப் படித்தது.

மாசின் குரலையே கேட்க முடிகிற ஜோடியும் உண்டு, அலுமினியத்தில் செம்பு. அலுமினியம்-செம்புக் கலவை, சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தபின், சில நாளில் தானே கெட்டிப்படுவதை ஜெர்மன் உலோகவியலாளர் வில்ம் 1906இல் பார்த்தார். செம்பு அணுக்கள் மெல்லிய தட்டுகளாகத் திரள்வதுதான் காரணம் என்று 1938இல் கினியரும் பிரெஸ்டனும் தனித்தனியே எக்ஸ்-கதிரில் கண்டார்கள். கரைந்த செம்பு, தட்டாகத் திரண்ட செம்பு, சேர்மமாக ஒதுங்கிய செம்பு ஒவ்வொன்றுக்கும் நைட் நகர்வு வேறு; ஒரே படத்தில் தனித்தனிக் கோடுகளாக வரும். இதில் கை பழகியபின் போக நல்ல இடம். வெள்ளிச் சுருள் இல்லாமல் மட்டும் போகாதீர்கள்.

பட்டறைக்காரரின் இரவல் தண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ராவிய தூளையும் பொட்டலமாகக் கட்டிக் கூடவே கொடுத்தேன். இரண்டையும் சேர்த்துத் தராசில் வைத்தார், கணக்கு நோட்டைப் புரட்டினார்.

"குடுத்தது இருநூத்திப் பத்து கிராமுங்க தம்பி. இது இருநூத்தி ஒண்ணுதான் இருக்குது. மிச்சம் ஒம்பது எங்கீங்க?"

சல்லடையில் நின்றது கொஞ்சம், அமிலத்தில் போனது கொஞ்சம், மேஜை விரிசலில் விழுந்தது கொஞ்சம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூட்டினேன். ஏழு வரைக்கும்தான் வந்தது.